அலுமினியத்தில் செம்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது: ஒரு என்எம்ஆர் சேவையை இரண்டு முறை பயன்படுத்திய அனுபவம்

உலோகத் தூளை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) எடுக்க வெளியே அனுப்பலாமா என்று யோசிக்கும் ஆய்வு மாணவர்கள் நம் மாவட்டத்திலேயே சிலர் இருக்கிறார்கள். போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். ஒரே என்எம்ஆர் நிலையத்தை இரண்டு முறை பயன்படுத்தினேன். முதல் முறை கூரியரில் அனுப்பினேன். வந்த முடிவு எதற்கும் உதவவில்லை. இரண்டாம் முறை நானே போய் மூன்று நாள் தங்கினேன். தேடிப் போனது கிடைத்தது. நிலையத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே கருவியைப் பார்த்துக்கொள்பவர் ஒரே ஒருவர். பெயரைச் சொன்னால் முதல் முறை நடந்த குறை முழுக்க அவர் தலையில் விழும். அது நியாயமில்லை, ஏனென்றால் இரண்டாம் முறை என் வேலையைக் காப்பாற்றியவரும் அவர்தான்.

ஆய்வுக்கான கேள்வி என்னுடையது இல்லை, அண்ணனுடையது. முட்டத்தில் அண்ணன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அவுட்போர்டு எஞ்சினைப் பிடித்து நிறுத்த ஒரு அலுமினியப் பட்டை வேண்டியிருந்தது. ஆக்கர் கடையில் நல்ல கனமான துண்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது. வாங்கி, லேத் பட்டறையில் கொடுத்து ஓட்டை போட்டு மாட்டினார். ஒரு சீசன் தாங்கவில்லை. வெள்ளையாகப் பூத்து, சொரசொரவென்று குழி குழியாக அரித்துப்போனது. பழைய உலோகம் வாங்கும் இடத்தில் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்து அந்தத் துண்டைப் பார்த்தார்கள். செம்பு 4 சதவீதம் என்று காட்டியது. அண்ணன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாலு சதவீதம் செம்புன்னா, அது இதுக்குள்ள எங்கட்டி கெடக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. பாடப்புத்தகப் பதில் தெரியும். ஆனால் அந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

எக்ஸ்ரே துப்பாக்கி, உரைகல் இரண்டும் சொல்வது ஒன்றே: எவ்வளவு. வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களிடம் கேட்டாலும், கலப்பு எவ்வளவு என்றுதான் பேச்சு ஓடும். எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. அலுமினியத்தில் எடைக்கு 4 சதவீதம் செம்பு என்றால் எண்ணிக்கையில் நூறு அணுவுக்கு இரண்டு கூட இல்லை, 1.7 அளவில்தான் வரும், ஏனென்றால் செம்பு அணு கனம் கூடியது. அந்த இரண்டு அணுவும் தனித்தனியே சிதறிக் கிடக்கலாம். அல்லது ஓர் அணு தடிமனில் சின்னச் சின்னத் தகடுகளாகக் கூடிக்கொள்ளலாம். இல்லை, இரண்டு அலுமினியத்துக்கு ஒரு செம்பு என்ற கணக்கில் தனிச் சேர்மமாகப் பிரிந்து மணிகளாக உட்காரலாம். மூன்றிலும் அளவு ஒன்றுதான். ஆனால் முதலாவது மென்மையாக இருக்கும், இரண்டாவது உறுதியாகும். மூன்றாவதில் அந்த மணிகளைச் சுற்றியுள்ள அலுமினியத்தை உப்புத்தண்ணீர் தின்னும். செம்பு கூடிய மணி எதிர்மின் பக்கமாக நிற்பதால் அதற்கு அடுத்த அலுமினியம் கரைந்து குழி விழுகிறது. அண்ணனின் பட்டையில் நடந்தது அதுதான்.

இந்த உலோகத்தைச் சூடாக்கிச் சட்டென்று தண்ணீரில் முக்கினால் மென்மையாக இருக்கும், சும்மா வைத்தாலே சில நாளில் கடினமாகும் என்று 1906-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் கண்டார். காரணம் தெரியவில்லை. 1938-இல் பிரான்சில் கினியேவும் இங்கிலாந்தில் பிரஸ்டனும் ஒருவருக்கொருவர் தெரியாமலே எக்ஸ்ரே மூலம் அந்தச் சின்னச் செம்புத் தகடுகளைக் கண்டுபிடித்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலோகம் கடினமாவதைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது, உள்ளே செம்பு என்ன செய்கிறது என்று சொல்ல முடியவில்லை. எனக்கு இந்த இடைவெளி எப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது.

சரி, என்எம்ஆர் இதில் எங்கே வருகிறது? அணுக்கருவைப் பெரிய காந்தத்துக்குள் வைத்தால் ஒரு குறிப்பிட்ட ரேடியோ அலைக்கு மட்டும் அது பதில் சொல்லும். மருத்துவமனை எம்ஆர்ஐக்கும் இதே அடிப்படை. நான் போன இடத்தில் 9.4 டெஸ்லா காந்தம். அதில் அலுமினியக் கரு 104 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும், செம்பு-63 கரு 106 பக்கம் பேசும். நாம் கேட்கும் எஃப்எம் வானொலியின் எல்லைக்குள்ளேயே இரண்டும் வந்துவிடுகின்றன. கருவின் சுற்றுப்புறம் மாறினால் அந்த அலைவரிசை நூலிழை நகரும். அந்த நகர்வை அளந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஊரின் வரைபடம் கிடைக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் அக்கம்பக்கம் யார் என்ற கணக்கு கிடைக்கும்.

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் கூம்பு ஒலிபெருக்கி. எங்கள் கடற்கரையில் திருவிழா வந்தால் பத்து நாள் ஒலிபெருக்கிதான். ஊர் முழுக்கப் பரவலாகக் கட்டினால் தூங்குகிற வீடு கொஞ்சம்தான் மிஞ்சும். அதே எண்ணிக்கையை ஒரே தெருவில் கட்டினால் அந்தத் தெரு மட்டும் பாவம், மற்ற ஊர் நிம்மதியாகத் தூங்கும். ஒலிபெருக்கியைப் பார்க்காமலே, எத்தனை வீடு தூங்குகிறது என்று எண்ணிக்கொண்டு போனால் அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம்.

அலுமினியக் கரு முழு உருண்டை இல்லை. சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அலுமினியமாக இருந்தால் அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை. பக்கத்தில் ஒரு செம்பு வந்து உட்கார்ந்தால் சமச்சீர் கெடுகிறது. அந்தச் செம்பைச் சுற்றி எலெக்ட்ரான்களின் அடர்த்தி குளத்தில் கல் போட்ட அலை போல ஏறி இறங்கி விரிவதால், கொஞ்சம் தள்ளியிருக்கும் அலுமினியத்துக்கும் அது எட்டும். தொந்தரவுக்கு ஆளான கருவின் சைகை முதன்மைக் கோட்டை விட்டு விலகிப்போகிறது. விலகாத பங்கை அளப்பதுதான் வேலை.

கணக்கும் எளிது. அலுமினியத்தின் அணிக்கோவையில், அதாவது அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கில், ஓர் அணுவுக்கு முதல் வட்டத்தில் 12 பேர், இரண்டாவதில் 6, மூன்றாவதில் 24. நூற்றுக்கு 1.74 செம்பு என்று எங்கும் சிதறியிருந்தால், முதல் வட்டத்தில் செம்பே இல்லாத அலுமினியம் 0.9826-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது, அதாவது 81 சதவீதம். மூன்று வட்டம் வரை தொந்தரவு எட்டும் என்றால் 42 முறை பெருக்க வேண்டும். 48 சதவீதம்தான் தூங்கும். செம்பு ஓரிடத்தில் கூடிவிட்டால் இந்த எண் ஏறும். உலோகக் கலவைகளில் இந்தக் கணக்கைப் புளூம்பெர்கனும் ரோலண்டும் 1953-இல் தொடங்கி வைத்தார்கள். 1970-களில் அமெரிக்காவின் இல்லினாயில் சிலிக்டரும் பாய்ஸும் செம்புக்குள் துளியளவு இரும்பு போட்டு, பெரிய கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கும் குட்டிக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது முதல் வட்டம், இது இன்னொரு வட்டம் என்று அடையாளம் சொன்னார்கள். நான் செய்தது அந்த அளவு நுணுக்கம் இல்லை.

இனி முதல் முறை நடந்ததைச் சொல்கிறேன்.

நிலையத்தின் விண்ணப்பப் படிவத்தில் "மாதிரி: நுண்தூள்" என்று மட்டும் இருந்தது. அலுமினியத்தில் 4 சதவீதம் செம்பு கலந்து தோழி ஒருத்தி உருக்கித் தந்த கட்டியை அரத்தால் ராவி, 100 மெஷ் சல்லடையில் சலித்து, கல்லூரி உலையில் 540 டிகிரியில் வைத்துத் தண்ணீரில் முக்கி, ஒரு கிராமுக்கும் குறைவாகக் குப்பியில் அடைத்துப் பதிவுத் தபாலுக்குப் பதில் கூரியரில் அனுப்பினேன். பார்சல் ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் மூன்று வாரம் வரிசையில் இருந்தது. முடிவாக ஒரு பக்கப் படம் மின்னஞ்சலில் வந்தது. அதில் சுழியத்துக்கு, அதாவது அலைவரிசை நகர்வை எண்ணத் தொடங்கும் இடத்துக்கு, பக்கத்தில் அகலமாக ஒரு மேடு. "அலுமினிய சைகை பலவீனம்" என்று ஒரு வரி. மூலத் தரவு இல்லை. கட்டணம் முழுதாக வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் படத்தை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கருவிக்கு வரும் அலுமினிய மாதிரிகளில் பெரும்பாலானவை சியோலைட், களிமண், வினையூக்கி இவைதான். அவற்றின் சைகை சுழியத்தில் இருந்து நூறு பிபிஎம்முக்குள் அடங்கிவிடும் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). உலோக அலுமினியம் அங்கே இருக்காது. உலோகத்தில் ஓடும் எலெக்ட்ரான்கள் கருவுக்குக் கூடுதல் காந்தப்புலம் தருகின்றன. அதனால் அதன் சைகை சுமார் 1640 பிபிஎம் தள்ளி நிற்கும். 104 மெகாஹெர்ட்ஸில் அது 171 கிலோஹெர்ட்ஸ் தூரம். 1949-இல் வால்டர் நைட் செம்பில் முதலில் கண்டது இதே விஷயம்; அங்கே 0.23 சதவீதம். இதற்கு நைட் பெயர்ச்சி என்றே பெயர். ஆக, என் மாதிரி பேசிக்கொண்டிருந்த இடத்தில் யாரும் காது வைக்கவே இல்லை. படத்தில் வந்த மேடு, தூளின் மேல் படிந்த ஆக்சைடில் இருந்தோ கருவியின் உள்ளே உள்ள பீங்கான் பாகத்தில் இருந்தோ வந்தது.

இதில் என் பங்கும் உண்டு. "இது உலோகம், 1640-இல் தேடுங்கள்" என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஆனால் உலோகம் என்று படிவத்தில் தெளிவாகப் போட்டிருந்தேன். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். பொதுச் சேவை நிலையங்களில் எனக்குள்ள உண்மையான மனக்குறை இதுதான். மாதிரியை வாங்கும் இடத்துக்கும் அளக்கும் இடத்துக்கும் நடுவில் பேச்சே இல்லை.

இன்னும் இரண்டு தப்பு அதில் இருந்தது. ஒன்று, தூளின் பருமன். ரேடியோ அலை உலோகத்துக்குள் ஆழமாகப் போகாது. 104 மெகாஹெர்ட்ஸில் அலுமினியத்துக்குள் 8 மைக்ரான் வரைதான் நுழையும். 100 மெஷ் சல்லடையில் 150 மைக்ரான் வரையுள்ள மணிகள் இறங்கிவிடும். அப்படி ஒரு மணியில் மேலே உள்ள 8 மைக்ரான் தோலின் பங்கு 29 சதவீதம்தான். உள்ளே இருக்கும் பெரும்பகுதி அளவீட்டுக்கு வருவதே இல்லை. கோட்டின் வடிவமும் கோணலாகும்.

இரண்டாவது எனக்கு இன்னும் வருத்தம் தருவது. இந்த உலோகம் காத்திருக்காது. தண்ணீரில் முக்கிய நிமிடத்திலிருந்து செம்பு நகரத் தொடங்குகிறது, அறை வெப்பத்திலேயே. வில்ம் கண்டது அதைத்தானே. ஐந்து நாள் கூரியரிலும் மூன்று வாரம் அலமாரியிலும் இருந்த மாதிரியை "புதிதாக முக்கியது" என்று சொல்லி அளப்பதில் பொருளே இல்லை. சரியான இடத்தில் தேடியிருந்தாலும் நான் கேட்ட கேள்விக்கு அது விடை சொல்லியிருக்காது. ஆற அமர யோசித்தபோது, அந்த முடிவு வீணாய்ப் போனதே நல்லது என்று பட்டது. நல்ல படம் வந்திருந்தால் தவறான முடிவை எழுதியிருப்பேன்.

மின்னஞ்சலில் இவை எல்லாவற்றையும் எழுதி, குற்றம் சொல்லாமல், நேரில் வரலாமா என்று கேட்டேன். மறுநாளே போன் வந்தது. கருவி பார்ப்பவர்தான். "மேடம், உலோகம் இங்கே வருவதே இல்லை. நீங்கள் வாருங்கள், நாமும் கற்றுக்கொள்ளலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நாகர்கோவில் ஜங்ஷனில் ரயில் ஏறினேன்.

போகும் முன் தூளைப் புதிதாகச் செய்தேன். இந்த முறை 500 மெஷ், அதாவது 25 மைக்ரான். அரத்தால் ராவி இந்த அளவுக்குக் கொண்டுவர மூன்று வாரம் சாயங்காலங்கள் போயின. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மக்களே, இத ராவி ராவி கையெல்லாம் போச்சே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அலுமினியத் தூள் காற்றில் பறந்து தீயோடு சேர்ந்தால் ஆபத்து. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகவே செய்தேன், அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. கிடைத்த அரை கிராமைக் குவார்ட்ஸ் குழாய்களில் காற்றை உறிஞ்சி அடைத்துக் கொண்டுபோனேன். அரை கிராமில் அணுக்கள் ஒன்றுக்குப் பின் 22 சுழியம் போடும் எண்ணிக்கை. எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒரு மூலையை அழகாகக் காட்டும். என்எம்ஆர் இத்தனை அணுவையும் சேர்த்துக் கணக்கெடுக்கும். இரண்டும் வேண்டியதுதான், ஒன்று மற்றதுக்குப் பதில் ஆகாது.

முதல் நாள் காலையில் அவர் என் குப்பியை எடுத்துப் பார்த்ததும் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றித் தூளுக்கு மேல் மெதுவாக ஓட்டினார். காகிதத்தில் கறுப்பாக நாலைந்து துகள் ஒட்டியது. என் எஃகு அரத்தின் பொடி. அது உள்ளே இருந்திருந்தால் கோடு தடித்துப்போயிருக்கும். பத்து முறை ஓட்டி, ஒன்றும் ஒட்டாத பிறகுதான் அடுத்த வேலை. உலோகம் வருவதில்லை என்று சொன்னவர், நான் வருவதற்குள் இவ்வளவு படித்து வைத்திருந்தார்.

அடுத்து கம்பிச்சுருள். எந்த என்எம்ஆர் கருவியிலும் மாதிரியைச் சுற்றியுள்ள சுருள் பொதுவாகச் செம்பு. நான் தேடுவதும் செம்பு. சுருளின் செம்பே சத்தமாகப் பேசினால் என் நூற்றுக்கு இரண்டு அணுவின் குரல் எங்கே கேட்கும்? அவர் வெள்ளிக் கம்பியில் ஒரு சுருளை முந்தின வாரமே சுற்றித் தயாராக வைத்திருந்தார். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. நான் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடுவதாக இருந்தால் அந்த வெள்ளிச் சுருளுக்கே பாதி போட்டுவிடுவேன்.

அங்கேயே ஒரு குழாய் உலை இருந்தது. 540 டிகிரியில் வைத்து, குவார்ட்ஸ் குழாயை ஐஸ் தண்ணீரில் போட்டு உடைத்து, தூளை வடித்து உலர்த்தி, மணிகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க மக்னீசியம் ஆக்சைடோடு கலந்து, சுருளுக்குள் வைக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. வேகமாகச் சுழற்றி அளக்கும் வழக்கமான முறையை வேண்டாம் என்று சொல்லி, அசையாமல் வைத்தே எடுத்தோம். மின்சாரம் கடத்தும் பொருளைப் பெரிய காந்தத்துக்குள் சுழற்றினால் சுழல் மின்னோட்டம் எழுந்து சூடாகும். சூடானால் என் செம்பு இன்னும் வேகமாக நகரும்.

உலோகம் அளப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. கரு ஒருமுறை பதில் சொன்னபின் மறுபடி தயாராக எடுக்கும் நேரம் உலோகத்தில் மிகக் குறைவு. அறை வெப்பத்தில் அலுமினியத்துக்கு 6 மில்லிவினாடி போதும். வினாடிக்கு முப்பது முறை தட்டிக் கேட்கலாம்; ஒரு மணி நேரத்தில் லட்சம் முறை. கட்டணம் மணிக்கணக்கில் என்பதால் இது பெரிய உதவி. கண்ணாடி, பீங்கான் கொண்டுவருகிறவர்கள் ஒரு படத்துக்கு ஓர் இரவு காத்திருக்கும்போது நாங்கள் மணிக்கு ஒரு படம் எடுத்தோம்.

முதல் படத்தில் அலுமினியக் கோடு 1640-க்குப் பக்கத்தில் ஊசி போல நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிவிடுகிறேன். அதன் பரப்பைத் தூய அலுமினியத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்டப் பாதியைக் காணோம். அலுமினியக் கருவின் சைகையில் ஐந்து பங்காளிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். சமச்சீர் கெட்டால் ஓரத்து நான்கும் விலகி ஓடும். நடுக்கோடு மட்டும் நிற்கும். அந்த நடுக்கோட்டின் பங்கு 35-இல் 9. இதைக் கழித்துக் கணக்குப் போட்டபோது, செம்பு சிதறிக் கிடக்கிறது, தொந்தரவு மூன்று வட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயும் எட்டுகிறது என்று வந்தது.

செம்பின் பக்கம் திருப்பினோம். 104-இல் இருந்து 106-க்கு ஒரு திருகு. முதல் மணி நேரத்தில் ஒற்றைக் கோடு: தனித்தனியே அலுமினியத்துக்கு நடுவில் உட்கார்ந்த செம்பு. மாலைக்குள் அதன் தோளில் ஒரு வீக்கம். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது பழைய கோடு தேய்ந்து, பக்கத்தில் அகலமாக இன்னொன்று எழுந்து நின்றது. அதே நேரத்தில் அலுமினியத்தின் கோடு முந்தின நாளைவிட வளர்ந்திருந்தது. ஒலிபெருக்கிகள் ஒரு தெருவுக்குக் குடிபோய்விட்டன. ஊர் தூங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து அறைக் கதவைத் தட்டி அங்கிருந்த வேதியியல் மாணவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது.

இரண்டாம் நாள் இடைவேளையில் கருவி பார்ப்பவர் ஒரு விஷயம் சொன்னார். எல்லா வேதியியல் புத்தகத்திலும் வரும் எத்தனாலின் மூன்று கோட்டுப் படம், 1951-இல் ஸ்டான்ஃபோர்டில் மூன்று பேர் எடுத்தது. அதில் ஒருவர் நம் நாட்டின் தர்மாத்தி. பின்னால் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் என்எம்ஆர் ஆய்வைத் தொடங்கியவர் அவர். பதினைந்து வருடமாக அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. இப்போது வரையும்போதெல்லாம் பெயரையும் எழுதுகிறேன்.

குறைகள். படிவம் இன்னும் பழைய படிவம்தான். உலோகத்துக்கு ஒரு பெட்டி கூட இல்லை. மூலத் தரவைக் கேட்டால்தான் தருகிறார்கள், கேளுங்கள். படம் மட்டும் வைத்துப் பரப்புக் கணக்குப் போட முடியாது. மூன்றாம் நாள் மத்தியானம் வேறொருவருக்கு ஒதுக்கிவிட்டதால் 150 டிகிரியில் சூடாக்கிப் பார்க்கும் பகுதி பாதியில் நின்றது; அதைப் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்கலாம். கட்டணம் கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகும், வரி தனி. என் விஷயத்தில் கட்டணத்தைவிட ரயிலும் தங்கும் அறையும் சாப்பாடும்தான் அதிகம். கன்னியாகுமரியில் இருந்து எங்கே போனாலும் தூரம்தான், அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்.

எஃகு, இரும்பு கொண்டுபோகாதீர்கள். காந்தம் இழுத்துக்கொள்ளும், அதற்குக் காந்தமே இல்லாமல் எடுக்கும் வேறு முறை இருக்கிறது, வேறு கருவி வேண்டும். தங்கத்தில் பார்க்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். தங்கத்தின் கருவிலிருந்து வரும் குரல் மிக மெலிது. நகைக்கு உரைகல்லும் எக்ஸ்ரேயும் போதும். அலுமினியம், செம்பு, இவற்றின் கலவைகள் என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் பதிவு செய்யும் முன் போனில் பேசுங்கள். அசையாமல் வைத்து எடுக்கும் வசதி உண்டா, சுருள் எதில் செய்தது, எந்த இடத்தில் தேடப் போகிறார்கள், மாதிரி எத்தனை நாள் வரிசையில் இருக்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லப் பொறுமை இல்லாத இடம் என்றால் மாதிரியை அனுப்ப வேண்டாம்.

கூரியர் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்தில் ஒன்று. நேரில் போன மூன்று நாளுக்கு நாலரை.

ஊருக்கு வந்ததும் இரண்டு படங்களையும் அண்ணனிடம் காட்டினேன். முதல் நாள் கோட்டையும் மறுநாள் கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு ராத்திரியில இவ்வளவு தூரம் நடந்துட்டா?" என்று கேட்டார். நடந்த தூரம் சில அணு அகலம்தான் என்றேன். "அதுக்குத்தான் எனக்குப் பட்ட போச்சு" என்றார். இல்லை, அவருடைய பட்டையில் அது இன்னும் வெகுதூரம் போய் மணிகளாகவே திரண்டிருக்கும் என்று விளக்கி, மூன்றாவது படத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். அந்தப் படத்தைக் கருவியில் எடுக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

இப்போது வள்ளத்தில் மாட்டியிருப்பது மக்னீசியம் கலந்த அலுமினியம், கப்பல் கட்டப் பயன்படுத்தும் வகை. பட்டறையில் அறுத்தபோது மிஞ்சிய கையகலத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். மக்னீசியத்தின் குரலை நேராகக் கேட்பது கடினம். அலுமினியத்தின் தூக்கத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த முறைக்கு ஐந்து நாள் கேட்டு எழுதியிருக்கிறேன். இந்த முறை வைர அரம் வாங்கிவிட்டேன். நேற்று சாயங்காலம் ராவத் தொடங்கினேன். சல்லடைக்குக் கீழே ஒரு சிட்டிகை சேர்ந்திருக்கிறது.